சிவப்பு வண்டிக்காரர்

அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொடங்கலாம் என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். பல் சுத்தமாக இருக்கும். குரலை உயர்த்திப் பேசமாட்டார். அவ்வளவுதான் தேறியது.

ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒரு பழைய கட்டடம். மூன்றாவது மாடியில் அவர் பெயரில் ஒரு ஃபிளாட். ஓர் அறையில் அவரும் அவர் மனைவியும். மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். இன்னோர் அறையை எங்களுக்கு விட்டிருந்தார்கள். கல்யாணமாகி நான் வந்து இறங்கிய முதல் வீடு அது. இதை இங்கே ஷேரிங் என்பார்கள். வாசல் கதவு, ஹால், சமையலறை எல்லாம் பொது. என் கணவர் பாஸ்கருக்கு துபாயில் வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் இரவு எட்டு மணிக்கு வருவார். பகல் முழுக்க நானும் அக்காவும்தான்.

வந்த அன்றே, கீழே என்ன தெரிகிறது என்று பார்க்க ஹால் ஜன்னலின் திரையை விலக்கினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"திரையில கை வெக்காதீங்க. மடிப்புக் கலஞ்சு போயிருமுங்க."

கோயம்புத்தூர்க்காரர். வயதில் பெரியவர், ஆனாலும் என்னை 'ங்க' போட்டுத்தான் பேசுவார். முதல் வாரம் அந்த 'ங்க'வை மரியாதை என்று நினைத்திருந்தேன். பிறகு புரிந்துகொண்டேன், கதவில் தாழ்ப்பாள் இருப்பதுபோல அவர் வாக்கியத்தில் அது இருந்தது. ஹீட்டர் சுவிட்சில் கை வெக்காதீங்க. பேப்பரை நான் படிச்ச பெறகு எடுங்க. ஹால் ஏசி ரிமோட் அவர் தலையணைக்கு அடியில் இருக்கும். நான் சமைத்து முடித்து வெளியே வந்ததும், உள்ளே போய் கேஸ் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பார். நான் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தும் செய்வார். அக்கா சமைத்தாலும் அதே கதைதான். இருபது வருஷமாக அந்த அடுப்பில் சமைத்தவள் அவள்.

அன்று ஜன்னல் வழியாக நான் பார்த்தது அவருடைய வண்டியை.

கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை. எல்லோரும் அந்த மணலில்தான் கார் நிறுத்துவார்கள். அதில் சுவரோரமாக, வேப்பமர நிழலில், ஒரு சிவப்பு அமெரிக்கக் கார் நின்றது. இரண்டே கதவு, நீளமான முன்பக்கம், தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. முகப்பு விளக்குகள் உடம்புக்குள் மடங்கி, வேண்டும்போது எழும்பும் ரகம். அதில் ஒன்று எழும்பியபடியே மாட்டிக்கொண்டது. மற்றது மூடியே கிடந்தது. சிவப்பு என்று சொன்னேன். வெயில் அதைச் செங்கல் நிறமாக்கி, கூரையில் தோல் உரிவதுபோல உரித்திருந்தது. அந்த வண்டிக்கு அப்போதே இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பதிவு அட்டையை இங்கே முல்கியா என்பார்கள். அது காலாவதியாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. வண்டி ஓடாது.

அவர் முதலில் வேலை பார்த்த கம்பெனியின் மேலாளர், ஊருக்குக் கிளம்பும்போது அவருக்கு விற்றுவிட்டுப் போனாராம். வாங்கிய புதிதில் ஓரிரு வருஷம் ஓடியதாக அக்கா சொன்னாள். "ஒருதரம் கோர்ஃபக்கான் பீச் வரைக்கும் கூட்டிட்டுப் போனாருங் கண்ணு. மூணு மணி நேரமும் நான் கைப்பைய மடியிலயே வெச்சிருந்தேன். சீட்ல வெச்சா கோடு விழுமாம்."

வெள்ளிக்கிழமை காலை தவறாமல் கீழே இறங்குவார். இரண்டு வாளித் தண்ணீர், மூன்று துணி. கண்ணாடிக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. ஒரு மணி நேரம் துடைத்துவிட்டு உள்ளே ஏறி உட்காருவார். கதவைச் சாத்திக்கொள்வார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி, வேர்வை வழிய வழிய அரை மணி நேரம். ஓடாத வண்டிக்குள் ஒரு மனுஷன் அப்படி உட்கார்ந்திருப்பதை மூன்றாவது மாடியிலிருந்து பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். அப்புறம் வராது.

அந்த வண்டியை என்ன செய்யப் போகிறார் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். கோவையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த மகனிடம் போனில், "டிகிரி முடி. கப்பல்ல ஏத்தி அனுப்பறேன். உனக்குத்தான்" என்பார். ஆபீஸ் நண்பர்கள் வந்தால், முழுசாகப் பழுது பார்த்துக் கண்காட்சியில் நிறுத்தப் போவதாகச் சொல்வார். அக்காவிடம், "இத வித்துப்போட்டு உனக்கு ஒரு சின்ன வண்டி வாங்கித் தாரேன்" என்பார். மூன்று பேரும் நம்பினார்கள். அக்காதான் அதிகம் நம்பினாள்.

காரணம் இருந்தது. அக்கா பொள்ளாச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். அஜ்மானில் ஒரு பள்ளியில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய பஸ் ரோலா பக்கம் வராது. போய் வர வண்டி வேண்டும். அதற்காகவே டிரைவிங் கிளாஸ் போனாள். இந்த ஊரில் லைசென்ஸ் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஐந்து தடவை ரோடு டெஸ்டில் தோற்று, ஆறாவது தடவை பாஸ் செய்தாள். அன்று ரவா லட்டு பிடித்து வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தாள். அவர் வந்து, அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு. பீரோல பத்திரமா வெய்யி."

"ஏனுங்க, உங்க ஆபீஸ் வண்டிய லீவு நாள்ல கொஞ்சம் ஓட்டிப் பழகட்டுங்களா? கை மறந்து போயிருமுங்க."

"அது கம்பெனி வண்டி. அதுல கை வெக்காத. இது வித்ததும் உனக்கு வாங்கறம்ல?"

லட்டை அவர் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். அந்த லைசென்ஸ் பீரோவில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு வருஷம் கிடந்தது.

வாங்க ஆள் வராமல் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஓர் உள்ளூர் அரபி இளைஞன், கந்தூரா என்ற வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வந்தான். பழைய அமெரிக்கக் கார்களைத் தேடித் தேடி எடுப்பவனாம். யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கா சுங்குடிப் புடவை கட்டிக்கொண்டு, தேநீர்த் தட்டோடு கீழேயே போய்விட்டாள். நானும் கூடப் போனேன். அவன் வண்டியைச் சுற்றி வந்தான். நிஜமாகவே ஆசையோடு பார்த்தான். முன் மூடியைத் தூக்க அவன் விரல்களை இடுக்கில் விட்டதும் இவர் நடுவில் வந்து நின்றார்.

"டோன்ட் டச், ப்ளீஸ்."

அவன் சிரித்துவிட்டான். "பாய், ஹாத் நஹி லகாயேகா தோ கைஸே லேகா?" தொடாமல் எப்படி வாங்குவது என்று கேட்டான். ஞாயம்தானே?

"நான் திறந்து காட்டுகிறேன், நீ பார்" என்று இவர் ஆங்கிலத்தில் சொன்னார். திறந்தும் காட்டினார். அவன் ஒரு வயரை இழுத்துப் பார்க்கக் கையை நீட்டினான். இவர் மூடியைச் சாத்திவிட்டார். அவன் விரல் தப்பியது. பிறகு அக்கா கையிலிருந்து தேநீரை வாங்கி ஒரு வாய் குடித்து, தலையசைத்து, "கலாஸ்" என்று சொல்லிவிட்டுப் போனான். முடிந்தது என்று அர்த்தம்.

"அவன் கிட்டக் குடுத்தா வண்டிய நாசம் பண்ணிப்போடுவான்" என்றார் அவர். அக்கா மாடி ஏறும்போது புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அன்று எனக்கு அவர்மேல் வந்தது கோபம். வெறுப்பு அதற்கு அடுத்த சித்திரையில் வந்தது.

அந்தச் சித்திரையில் ஒரு மழை. இந்த ஊரில் சாக்கடை வழி சரியில்லாத தெருக்களில் ஒரு மணி நேர மழையே குளமாகும். அன்று பகல் முழுக்கக் கொட்டியது. மணல் மனை ஏரியாகிவிட்டது. எல்லோரும் அவரவர் வண்டியை மேட்டுக்கு நகர்த்தினார்கள். சிவப்பு வண்டி மட்டும் நின்றது. தண்ணீர் சக்கரத்தின் பாதியைத் தொட்டபோது, அன்று வீட்டிலிருந்த பாஸ்கரும், கட்டடத்து வாட்ச்மேனும், எதிர்க் கடைப் பையன்கள் இருவரும் முழங்கால் தண்ணீரில் இறங்கினார்கள். நாலு பேர் தள்ளினால் நடைபாதை மேட்டுக்கு ஏற்றிவிடலாம். அவர் படிக்கட்டில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

"கை வெக்காதீங்க! அது ஃபைபர் பாடி. அமுக்குனா விரிசல் விட்டிரும்!"

"சார், தண்ணி உள்ள போகுது சார்!" என்று பாஸ்கர் கத்தினார்.

"ஆளக் கூப்பிட்டிருக்கறனுங்க. வந்து தூக்கட்டும். நீங்க தள்ளி நில்லுங்க."

அந்த மழையில் எந்த ஆள் வருவான்? நாலு பேரும் அப்படியே நின்றார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் வண்டி. தண்ணீர் கதவுக்குக் கீழே இருந்து மெல்ல ஏறி, இருக்கை வரைக்கும் வந்து நின்றது. பாஸ்கரின் போன் பையோடு நனைந்து போய்விட்டது. மேலே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "அந்த ஆளுக்கு அந்த வண்டி மேல ஆசை இல்ல" என்றார். "வேற என்னவோ."

அதற்குப் பிறகு வண்டிக்குள்ளிருந்து ஊறல் நாற்றம் வந்தது. வெள்ளிக்கிழமைத் துடைப்பு மட்டும் நிற்கவில்லை. நாற்றத்துக்கு நடுவிலும் உள்ளே ஏறி உட்கார்ந்தார். சின்ன வண்டி பற்றிய பேச்சும் நிற்கவில்லை. அக்காதான் கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

அந்த வருஷ ஆடியில் கம்பெனி அவரை இரண்டு மாதம் தோஹாவுக்கு அனுப்பியது. கிளம்பும்போது வாசலில் பெட்டியோடு நின்று அக்காவிடம் சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"வண்டில கை வெக்காத. தொடைக்கறேன் கழுவறேன்னு இறங்காத. துணி மாத்திப் போட்டீன்னா கோடு விழுந்திரும். வந்து நான் பாத்துக்கறேன்."

மூன்று வாரத்தில் வண்டி மணலின் நிறத்துக்கு வந்துவிட்டது. இங்கே கோடைக்காற்று அப்படி. யாரோ பின்கண்ணாடியின் தூசியில் விரலால் அரபியில் பேர் எழுதிவிட்டுப் போனார்கள். ஒரு பூனை அடியில் குட்டி போட்டது. நாலாவது வாரம், காய் வாங்கிக்கொண்டு நானும் அக்காவும் திரும்பி வரும்போது, முன்கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நகராட்சி நோட்டீஸ். கவனிப்பாரற்றுத் தூசி படிந்து கிடக்கும் வண்டி. குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் அப்புறப்படுத்தப்படும் என்று அரபியிலும் ஆங்கிலத்திலும்.

அக்கா இரண்டு தடவை படித்தாள்.

"சாருக்குப் போன் பண்ணுங்கக்கா" என்றேன். என் வாயிலிருந்து வந்ததுதான் அது, மனசிலிருந்து வரவில்லை.

அக்கா பையைக் கை மாற்றிக்கொண்டாள். "தொடைச்சு வெச்சா விட்டிருவாங்களாட்டருக்குது" என்றாள். பிறகு, "ஆனா அதுல கை வெக்கக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காருல்ல, கண்ணு?"

முகத்தில் சிரிப்பு இல்லை. அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

அவர் தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்க மாட்டார். கேஸ் மூடியாச்சா, வண்டி எப்படி இருக்கிறது என்பார். "வெச்ச எடத்துலயேதான் இருக்குதுங்க" என்பாள் அக்கா. பொய் இல்லை. பாஸ்கர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார்: "தப்புடி. நாமாவது ஒரு மெசேஜ் போட்டுடலாம்." போனைக் கையில் எடுத்தேன். அவர் நம்பரைத் திறந்தேன். முழங்கால் தண்ணீரில் நின்ற நாலு பேர் ஞாபகம் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இன்று கேட்டாலும் அதைத் தப்பு என்றுதான் சொல்வேன். திரும்பச் செய்வேனா என்றால், செய்வேன்.

ஒரு காலை மலையாளி வாட்ச்மேன் மூச்சிரைக்க மேலே ஓடிவந்து பெல்லை அடித்தார். "சேச்சீ, வண்டி கொண்டுபோகுன்னு!"

அக்கா தோசைக்கல்லின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திரும்பவில்லை. நான் ஜன்னலுக்குப் போனேன். திரையை நன்றாக விலக்கினேன். ஒரு மஞ்சள் லாரி சங்கிலி போட்டு இழுத்தது. காற்றில்லாத டயர்கள் மணலை உழுதுகொண்டு வந்தன. தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. லாரி திரும்பும்போது ஒற்றை விளக்கு மேலே பார்த்தபடி போனது.

"போயிருச்சா?" என்றாள் அக்கா.

"போயிருச்சுக்கா."

"வா, தோசை ஆறிரும்."

அவர் திரும்பி வந்த அன்று விமான நிலையத்திலிருந்து டாக்சியில் இறங்கியிருக்கிறார். மனையைப் பார்த்திருப்பார். ஆனால் மேலே வந்து, குளித்து, சாப்பிட்டு, கை கழுவித் துண்டில் துடைத்த பிறகுதான் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் ஹாலில் இருந்தோம்.

"எப்பத் தூக்கிட்டுப் போனாங்க?"

அக்கா நாளைச் சொன்னாள்.

"நோட்டீஸ் ஒட்டியிருப்பாங்கல்ல?"

"ஒட்டுனாங்க."

"ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலையா?"

"நீங்க வந்து பாத்துக்கறேன்னு சொன்னீங்க. கை வெக்காதன்னு சொன்னீங்க. நான் வெக்கலீங்க."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். பாஸ்கர்கூட நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் பாத்தீங்க."

"பார்த்தேன் சார்."

"ஏனுங்க சொல்லல?"

"சொல்லணும்னு தோணல சார்."

"நல்லதுங்க" என்றார். "மாசக் கடைசிக்குள்ள ரூமக் காலி பண்ணிக்குங்க."

இவ்வளவும் சொன்ன மனுஷன், மறுநாள் காலை எங்கள் அறைக் கதவைத் தட்டி, இழுத்துப்போன வண்டிகளை வைத்திருக்கும் யார்டு வரைக்கும் தன்னைக் கொண்டுபோய் விட முடியுமா என்று பாஸ்கரிடம் கேட்டார். அவருடைய ஆபீஸ் வண்டி அப்போது வேறு யாரிடமோ இருந்தது. பாஸ்கர் சரி என்று தன் காரை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. பார்க்க வேண்டும்போல இருந்தது.

ஊருக்கு வெளியே, வேலி போட்ட பொட்டல். வரிசை வரிசையாகத் தூசி மூடிய கார்கள். ஊரைவிட்டுப் போனவர்கள், வேலை போனவர்கள், செத்துப்போனவர்கள் விட்டுவிட்டுப் போனவை. சிவப்பு வண்டி ஐந்தாவது வரிசையில் இருந்தது. அதன் உடம்பெல்லாம் கைத்தடங்கள். இழுத்தவர்களும் ஏற்றியவர்களும் பதித்தவை. ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. அவர் கைக்குட்டையை எடுத்து, எழும்பி நின்ற அந்த ஒற்றை விளக்கை மட்டும் துடைத்தார். பாவமே என்று எனக்குள் ஏதோ அசைந்தது. உடனே பீரோவுக்குள் கிடந்த லைசென்ஸ் ஞாபகம் வந்தது. அசைந்தது அடங்கிவிட்டது.

அலுவலகத்தில் ஓர் எகிப்துக்காரர் இருந்தார். நல்ல மனிதர், நாற்காலி போட்டார். வண்டியை எடுத்துப்போகலாம், ஆனால் தெருவில் நிறுத்த முடியாது. எந்த இடத்துக்குக் கொண்டுபோகிறீர்கள், ஒர்க்ஷாப்பா, ஏற்றுமதியா, பழைய இரும்புக்கா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். தாளை நீட்டிப் பேனாவையும் கொடுத்தார்.

"இந்தக் காரை என்ன செய்யப் போகிறீர்கள்?"

அவர் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எத்தனையோ பேர் கேட்ட கேள்வி. மகனுக்கு ஒன்று, நண்பர்களுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என்று பதில் சொன்னவர். எழுதுவதற்கு ஒன்றுகூட வரவில்லை. கடைசியில், "ஐ வில் ஸீ" என்று சொல்லிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். எகிப்துக்காரர் கெடுநாளைத் தாளில் வட்டமிட்டுக் கொடுத்தார். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "ஏசியக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

நாங்கள் வேறு வீடு போய்விட்டோம். கெடு முடியும்வரை அவர் யார்டுக்குப் போகவே இல்லை என்று அக்கா போனில் சொன்னாள். ஏலத்தில் போனதா, நசுக்கித் தகடாக்கிவிட்டார்களா என்று தெரியாது. அஜ்மானில் கறுப்புப் பெயிண்டில் ஓடுவதைப் பார்த்ததாக வாட்ச்மேன் சத்தியம் செய்கிறார். அக்கா ஒரு தோழியின் காரில் தொற்றிக்கொண்டு அஜ்மான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அடுத்த வருஷம் தன் சம்பளத்தில் பழைய ஜப்பான் கார் ஒன்று வாங்கினாள். எனக்குப் படம் அனுப்பினாள். அதன் மூடியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது போன ஜூனில். நானும் இப்போது ஓட்டுகிறேன். அல் தாவுன் பக்கம் ஒரு சிக்னலில் நின்றிருந்தேன். இடப்பக்கம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அந்த வெயிலிலும் கண்ணாடிகள் இறங்கியிருந்தன, ஏசி போய்விட்டதுபோல. என் பக்கத்து ஜன்னலில் அவர். மூக்குக்கண்ணாடி, நரைத்த மீசை, கழுத்தில் கைக்குட்டை. அவருக்கு அப்பால், இந்த ஊர் வண்டிகளில் இடப்பக்கம் இருக்கும் ஸ்டியரிங்கில், அக்கா. நான் என் பக்கக் கண்ணாடியை இறக்கினேன்.

"கண்ணு! எங்க போறே?" என்று அவருடைய நெஞ்சைத் தாண்டிக் கூப்பிட்டாள் அக்கா.

"டென்டிஸ்ட்கிட்டக்கா! நீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. அன்றைக்கு ஹாலில் பார்த்த அதே பார்வை. பொத்தானை அழுத்தித் தன் பக்கக் கண்ணாடியை ஏற்றினார். உள்ளே வெந்து செத்தாலும் சரி, என் முகம் தெரியக்கூடாது. அவர் மூக்கு வரைக்கும், கண் வரைக்கும், நெற்றி வரைக்கும் ஏறி மூடிக்கொண்டது.

ஒரு நொடி. பிறகு அது தானாகக் கீழே இறங்கியது. அக்காவின் இடதுகை அவள் பக்கத்துக் கதவில் இருந்தது; நாலு கண்ணாடிக்கும் அங்கே பொத்தான் உண்டு.

அவர் மறுபடி ஏற்றினார். அக்கா மறுபடி இறக்கினாள். இரண்டு பேரும் நேராகச் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பல்லுக்கு என்ன ஆச்சு?" என்றாள் அக்கா.

பச்சை விழுந்தது. சொல்வதற்குள் பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.